பஞ்சு அடைத்த ஸ்டிக்

எங்கள் வீட்டில் டீயை ஆற வைத்தால் ஆடை படிவதற்கு முன் பஞ்சு படிந்துவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே "பிசிறு" வெட்டுவாள், அதாவது தைத்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்முனைகளை நறுக்குவாள். அதனால் தலையணை, ரேடியோ, சாம்பார் என்று பஞ்சு நுழையாத இடம் கிடையாது. அப்பா கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். எந்த மெஷின் "மக்கர்" பண்ணினாலும் முதலில் பஞ்சை எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார், முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும் என்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. என் அண்ணனுக்குத் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய். கால்கள் ஓய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். "கைக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்லை" என்று கோவை டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீடே நின்றது. கை இருந்தால் பரீட்சை எழுதலாம், படித்து முன்னுக்கு வந்துவிடலாம். மாமா வாங்கிக்கொடுத்த டிவி கேமில் கார் ஓட்டும்போது அவன் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டான், அவ்வளவு திமிர். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் கார் தானாக இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கையில் பிடித்து ஓட்டும் கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்து யாரும் தொடாமல் இருந்தாலும் போய்ச் சுவரில் முட்டியது. ஞாயிற்றுக்கிழமை அப்பா செய்தித்தாளை விரித்து, திருகுகளைக் கழற்றி, கட்டைவிரலால் அசைக்கும் அந்தச் சின்ன "ஸ்டிக்"கின் அடியிலிருந்து பஞ்சை ஊசியால் நெம்பி எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பனியன் துண்டால் துடைத்து மூடினார். கார் நேராக ஓடியது. அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

சில மாதங்களில் மறுபடியும் இழுத்தது. அப்பா மறுபடியும் பிரித்தார், மறுபடியும் பஞ்சு வந்தது. எங்கள் வீட்டில் எதைப் பிரித்தாலும் பஞ்சு வரும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துடைத்து மூடிக் கொடுத்த பிறகும் அண்ணன் கையில் கார் இடப்பக்கமே போயிற்று. "இன்னும் உள்ளார கெடக்குது சாமி, அடுத்த வாரம் எடுத்துப்போடலாம்" என்பார் அப்பா. "ஆமாங்கப்பா, எனக்கும் அப்படித்தான் தோணுது" என்பான் அண்ணன்.

ஒரு மத்தியானம் அவன் கண்ணயர்ந்திருந்தபோது நான் திருட்டுத்தனமாக விளையாடிப் பார்த்தேன். கார் கொஞ்சமும் இழுக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அவனை உலுக்கி எழுப்பி, "அண்ணா, ஸ்டிக்கு சரியாயிருச்சு" என்றேன்.

அவன் கன்ட்ரோலரை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "அது எப்பவோ சரியாயிருச்சு பாப்பா. என் வெரலுதான் நிக்க மாட்டேங்குது. அப்பாகிட்டச் சொல்லீராத. இதையாவது அவரு ரிப்பேர் பண்ணீட்டு இருக்கட்டும்."

அந்த வயதில் எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிறு அப்பா பிரித்து வைத்தபோது திருகுகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வெகு மும்முரமாக, "அந்த மூலையிலயும் பாருங்கப்பா" என்று காட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிப்படிப்பை முடிக்காமலே அண்ணன் போய்விட்டான். நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து ஒரு குடோன் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் இன்று வீட்டுக்கு யாரும் பனியன் மூட்டை கொண்டுவந்து இறக்குவதில்லை. அம்மாவும் இல்லை. அப்பா என்னோடு இருக்கிறார், கை நடுக்கத்தில் ஊசி பிடிக்க முடியாது.

போன மாதம் என் மகன் செல்போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்ததை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான்தான் சரியாத் தொடைக்காம உட்டுட்டனாட்ட இருக்குது கண்ணு. கடைசிவரைக்கும் அவன் காரு செவுத்துலயே முட்டீட்டு இருந்துச்சு" என்றார்.

உண்மையைச் சொன்னால் அவர் மனம் ஆறுமா, இல்லை இந்த வயதில் இன்னும் ஒருமுறை உடைவாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க நல்லாத்தானுங்கப்பா தொடைச்சீங்க. அந்த ஸ்டிக்குதான் ரொம்பப் பழசுங்க" என்றேன்.