மானேஜர் வீட்டு வாழ்த்து அட்டை

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும் அவருக்கு மானேஜர் என்ற பட்டம் போகவில்லை. போகவிட்டால்தானே! ஆண்டு முடிவு வந்துவிட்டால் வீடே அலுவலகமாகிவிடும். ஊரிலுள்ள பெரிய மனிதர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் வாழ்த்து அட்டை போகும், கூடவே பளபளப்புக் காகிதத்தில் சுற்றிய பேனா ஒன்றும். காகிதம் வெட்டி, மூலை மடித்து, டேப் ஒட்டி, விலாசம் எழுதுவதெல்லாம் மனைவி. மானேஜருக்கு மேற்பார்வை. டேப் கோணலாக இருந்தால் பிரித்து ஒட்டச் சொல்வார். வாங்குகிறவன் டேப்பை அளந்து பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள்!

அட்டையின் கீழே குடும்பத்தார் பெயர்கள் வரிசையாக இருக்கும். முதலில் மானேஜர், படித்த பட்டங்களோடு. பிறகு மனைவி, மகன், மகள். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதும் அவள் பெயரைத் தூக்கிவிட்டார். கௌரவமாம். மகள் படியேறக் கூடாது, போனில்கூடப் பேசக் கூடாது. பேத்தி பிறந்ததையே மனைவி காய்கறிக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். அந்தக் குழந்தையை ஒருமுறை மடியில் வைத்துக்கொண்டால் போதும் அவளுக்கு. கேட்டால் மனிதர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

இந்த முறை அச்சகத்தார் பழைய அட்டையைப் பார்த்து அச்சிட்டுவிட்டார்கள். மகளின் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மானேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். மறுபடி அச்சிட நேரமில்லை என்று அச்சகம் கைவிரித்துவிட்டது. எல்லா அட்டையிலும் அந்தப் பெயரை அடித்துவிட்டு அனுப்பு என்று மனைவியிடம் கறுப்புப் பேனாவைக் கொடுத்துவிட்டு உலாவப் போனார்.

தான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் மேல் கோடு இழுக்க அவளுக்குக் கை வரவில்லை. பேனா மேலே ஏறி முதல் வரியில் நின்றது. அங்கே கை தாராளமாக ஓடியது. பட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அத்தனையையும் உறையிலிட்டு, தானே தபாலில் சேர்த்துவிட்டு வந்து, நிம்மதியாக டீ குடித்தாள்.

சில நாள் கழித்து போன் அடித்தது. எடுத்தவர் மானேஜர். மறுமுனையில் அவருடைய அக்கா ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். அட்டையில் பெயரை அடித்திருக்கிறதே, தம்பி எப்போது போனான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று, குரல்கூட அடையாளம் தெரியாமல், தம்பியிடமே கேட்டாள். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"என் பேரையா அடிச்சே?"

"ஆமா. பேரை அடிச்சா என்ன அர்த்தம்னு உங்க அக்காவுக்குத் தெரியுது. உசுரோட இருக்கிற பொண்ணு பேரை அடிக்கச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியலையா?"

மானேஜர் செய்தித்தாளைத் தேடினார். அவள் அதை எடுத்து மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு அட்டையில மட்டும் யார் பேரையும் அடிக்கல. அது அவளுக்குப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமை குழந்தையோட வர்றா. கதவை நீங்கதான் திறக்கணும்."