கதவுக்குப் பின்னால் ஒரு பை

செய்தியை எனக்குச் சொன்னது எட்டு வயது மகள். ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், எனக்கு விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிச் சிங்களம் பழகிய துளசிதான் என் சேலையை இழுத்து, "அப்பா செத்துப்போனாராம், அம்மா" என்றாள்.

கொழும்பில் கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கராக இருந்த என் மனுசன் சிவநேசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொலிசில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் அவர் மேசையடியில் அழுதுகொண்டு நிற்பார்கள். பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "பிறகு அழலாம் அம்மா, பொலிஸ் பதிவுத் துண்டு கொண்டுவந்தனீங்களோ?" என்பார். வீட்டிலும் அப்படித்தான். தமிழர் கொழும்பில் தங்குவதென்றால் பொலிசில் பதிந்து வாங்கவேண்டிய பதிவுத் துண்டும் எங்கள் அடையாள அட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கச்சான் கடலை தின்னப் போனாலும் அது கூட வரும். "கச்சான்காரனுக்கும் காட்டவோ?" என்று பகிடி பண்ணுவேன். "சிரியும், சிரியும். யாழ்ப்பாணத்தில பிறந்த நாங்கள் பையில்லாமல் வாசல் தாண்டக்கூடாது" என்பார்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவருக்குத் தொய்வு கூடி, மூச்சுவிட ஏலாமல் போய்விட்டது. ஓட்டோ வந்ததும் நான் ஓடிப்போய் எடுத்தது அந்தப் பையை. மேசையில் கிடந்த இன்ஹேலரை எடுக்கவில்லை. ஐயோ, கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் பொலிசார் மறித்தார்கள். இவர் மருந்தைத் தேடிச் சட்டைப்பையைத் தடவியபோதுதான் எனக்கு உறைத்தது. பொலிஸ்காரன் ஒவ்வொரு துண்டாக விரித்து, முகத்தைப் பார்த்து, மற்றவனுக்கும் காட்டினான். "ஹொஸ்பிட்டல், மாத்தையா, ஹொஸ்பிட்டல்" என்று கும்பிட்டேன். கடைசியில் எல்லாம் சரி என்று பையைத் திருப்பித் தந்தான். அதற்குள் இவருடைய உதடு நீலம் பாரித்துவிட்டது.

அவனைத் திட்டுகிறேன், பிறகு என்னையே திட்டுகிறேன். இரண்டாலும் ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் பொலிசுக்குப் போய்ப் பதிவில் அவர் பெயரை வெட்டுவித்தேன். வெட்டாவிட்டால், ஆளை எங்கே ஒளித்தாய் என்று கேட்பார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பை. அப்பாவின் தொய்வு துளசிக்கும் இருப்பதால் இப்போது இன்ஹேலரையும் அதற்குள்தான் வைத்திருக்கிறேன். போன கிழமை பஸ்ஸை மறித்தபோது அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. இந்த முறை நான் பிழைவிடவில்லை. பைக்குள் கையை விட்டு முதலில் இன்ஹேலரை எடுத்தேன். துளசி என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"முதல்ல துண்டைக் காட்டுங்கோ அம்மா. அவங்கள் பார்த்து முடியுமட்டும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பன்."