விபூதிப் புதன் காய்ச்சல்

தவக்காலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவனைக் குடிகாரன் என்று எப்படிச் சொல்லலாம் என்று ஊரெல்லாம் வாதாடி ஜெயித்த முட்டாள் நான். விபூதிப் புதன் அன்று பங்குச் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசியதும் நிறுத்துவேன். அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் சாராயக் கடைத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். மிச்ச மாதங்களில் அந்தத் தெருவிலேயே தலைவைத்துப் படுத்துக் கிடந்தேன் என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு கூத்து உண்டு. விபூதிப் புதனுக்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். கை நடுங்கும். சட்டை நனைய வேர்க்கும். பாயில் படுத்தால் கால் மட்டும் எழுந்து எங்கேயோ போகப் பார்க்கும். வருடா வருடம் தேதி தவறாமல் வருகிற காய்ச்சல். ஆண்டவருடைய பாடுகளை நான் என் உடம்பில் வாங்கிக்கொள்வதாக ஜெபக் கூட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. சும்மா வருகிற புனிதர் பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பாலக்கோட்டில் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். எண்பதுகளில் மைக் இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்குக் காதுகூடக் குத்த மாட்டார்கள். போகிற இடத்திலெல்லாம் சாப்பாடு போடுகிறார்களோ இல்லையோ, "மைக் செட்டுக்காரருக்கு ஊத்துங்கப்பா" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை, எனக்கு நன்றாகக் கேட்டுவிடும்.

அந்த வருடம் ஈஸ்டர் காலைப் பூசை. விரதத்தை முறித்த கையோடு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கூடுதலாக வைத்திருந்த ஒரு மைக் என் மடியில் கிடந்தது. அதை அணைக்க மறந்திருந்தேன். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, கோயில் கோபுரத்தில் நானே கட்டிய ஸ்பீக்கர் குழாய்கள் வழியாக என் குறட்டை ஊர் பூராவும் போய்ச் சேர்ந்தது. மார்க்கெட்டில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ கரும்பு லாரி மேட்டில் ஏற முடியாமல் திணறுகிறது என்று நினைத்தார்களாம்.

அதையும் ஜோக்காக்கி டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மே மாதம் எங்கள் மகளுக்குப் புதுநன்மை. பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் தைத்து ஆணியில் மாட்டியாகிவிட்டது.

"பாப்பா புதுநன்மைக்குக் காரிமங்கலத்து ஆள்கிட்ட மைக் செட்டு சொல்லிட்டனுங்க" என்றாள் ஒரு நாள்.

"என்னாது? என் புள்ளைக்கு இன்னொருத்தன் மைக்கா?"

"நீங்களும் வர வேணாம்."

"ஏம்மா, மைக்க விடு. அப்பன்காரன் வர வேணாமா?"

"நான் சொல்லலீங்க. பாப்பாதான் சொல்லுச்சு. அப்பா வந்து குறட்டை உட்டா எல்லாப் புள்ளைங்களும் சிரிக்கும்னு."

எழுந்து என் கடைக்குப் போனேன். கடையில் இருக்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கேயும் நிற்க முடியாமல் வந்த பஸ்ஸில் ஏறித் தர்மபுரி போனேன். ஒரு டாக்டர், "இனிமே தொடாதீங்க" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்க டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறேன்.

பிறகு பங்குச் சாமியார் முன்னால் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மூன்றாம் நாள் என் தாகம் உயிர்த்தெழுந்துவிட்டது.

அடுத்து, ஏரியூர்ப் பக்கம் ஒருவர் குடியை மறக்கப் பொடி தருகிறார் என்றார்கள். குடிக்கிறவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்க வேண்டுமாம். நானே போய் வாங்கிவந்து மனைவி கையில் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாம இதக் கலந்து போட்டுரு."

"தெரியாம எப்படிங்க போடறது? நீங்களே வாங்கியாந்து நீங்களே குடுக்கறீங்க!"

அன்றைக்குச் சோற்றில் கை வைத்ததுமே குமட்டியது. சாயந்திரம் வழக்கம்போலச் சாராயக் கடைக்குப் போய் ஒரு கிளாஸ் குடித்தேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. வீட்டுக்கு வந்து, "நல்ல பொடிதான்" என்றேன்.

"நான் எங்கங்க கலந்தேன்? மாடத்துல கட்டுப் பிரிக்காம கெடக்குது பாருங்க."

வாந்தி மறுநாளும் நிற்கவில்லை. நல்லம்பள்ளிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன மருந்தகத்துக்குப் போனேன். அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டர் குள்ளமாக இருப்பார். அதட்டிப் பேச மாட்டார். கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அது போதும்.

"வாந்தி எதனாலங்க?"

"ஏரியூர்ப் பொடிங்க சிஸ்டர். சாப்பிடாத பொடி."

என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கை தனக்குத் தோன்றியபடி ஆடியது.

"தினமும் குடிக்கறீங்களா?"

"நான் குடிகாரன் இல்லீங்க. தவக்காலத்துல தொடவே மாட்டேன்."

"தொடாதப்ப உடம்பு எப்படி இருக்கும்?"

"காய்ச்சல் வருங்க. விபூதிப் புதனுக்கு மறுநாளு. வருசா வருசம்."

"தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அது காய்ச்சல் இல்லீங்க. சாராயம் இல்லாம ஒடம்பு தவிக்கறது." கண்ணாடியைக் கழற்றினார். "சரி, அது போனப்பறம் மிச்ச நாளெல்லாம் என்ன நெனப்பு?"

"ஈஸ்டர் நெனப்புங்க."

"ஆண்டவர் உயிர்க்கறதா?"

"கடைக்குப் போறதுங்க."

சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். இது கெட்ட புத்தி என்று திட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை, நோய். வீட்டில் தனியாகப் படக்கென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்து செத்தவர்கள் உண்டு. இத்தனை தவக்காலத்தில் நான் சாகாமல் இருந்ததுதான் அதிசயம். "புனிதர்னு நெனச்சுக்கிட்டுப் போய்ச் சேந்திருப்பீங்க" என்றார். பின்கட்டு அறையில் ஒரு கட்டிலைக் காட்டினார். அவர் சொல்லிவைத்திருந்த டாக்டர் வந்து ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். சுவரில் பல்லி நடந்தால் எனக்கு அது பட்டாளம் நடக்கிற சத்தமாகக் கேட்டது. கட்டிலின் ஒரு கால் ஆடியது. அதோடு சேர்ந்து நானும் ஆடினேன்.

நடுக்கம் அடங்கி வெளியே வந்ததும், பாலக்கோடு மார்க்கெட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரரைப் பார்க்கச் சொன்னார் சிஸ்டர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மண்டியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டுவார். சிஸ்டருடைய பின்கட்டுக் கட்டிலில் கிடந்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"அந்தக் கட்டிலா? ஒரு காலு ஆடுமே" என்றார். அவரும் ஒரு காலத்தில் அதில் கிடந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. "பொழுது சாஞ்சா காலு பரபரங்கும். அப்ப நேரா இங்க வந்துரு. கூடை தூக்கு."

போனேன். தினமும் போனேன். சாயந்திரமானால் கால் சாராயக் கடைத் தெருவுக்குத் திரும்பும், நான் அதைப் பிடித்து மார்க்கெட்டுக்கு இழுப்பேன். கூடை தூக்கும்போதெல்லாம் ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"யோவ், எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டா ஒன்ன யாரும் ஒண்ணுங் கேக்க மாட்டாங்கன்னு பாக்கறியா? நானும் அப்பிடித்தான் இருந்தேன்."

அன்று மிச்சக் கூடைகளை ஜோக் இல்லாமல் தூக்கினேன். தக்காளி அவ்வளவு கனக்கும் என்று அதுவரை தெரியாது.

புதுநன்மைக்கு முந்தின நாள் மனைவி என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டாள். "பாப்பா வரச் சொல்லுது. கடைசி பெஞ்சுல உக்காருங்க. மைக்குப் பக்கம் போவக் கூடாது."

போகவில்லை. ஆனால் காரிமங்கலத்தான் மைக் பூசை முழுக்க 'கூ' என்று கத்தியது. அதை எங்கே தள்ளிவைத்தால் அடங்கும் என்று எனக்குத் தெரியும். கை துறுதுறுத்தது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் நற்கருணை வாங்கிவிட்டு, கை கூப்பியபடி திரும்பும்போது என்னைத் தேடினாள். நான் கண்ணை அகல விரித்துக் காட்டினேன்.

வெளியே வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா, நீ தூங்கவே இல்ல!"

அந்தத் தைரியத்தில் மனைவியிடம் மெல்லக் கேட்டேன். "அந்தாளு மைக்கு காதைக் கிழிக்குது பாத்தியா? கோயிலுக்கு இனிமே நம்ம செட்டுதானே?"

மகளின் தலையில் சரிந்த பூ முடியை நிமிர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த ஈஸ்டர் தாண்டட்டுங்க."