மலைநாட்டுச் சிறுத்தையும் எங்கள் வேட்டைக்காரரும்

காட்டைக் காவல் காக்கிற உத்தியோகத்தில் நாலு காலில் வந்த தலையிடியைவிட இரண்டு காலில் வந்த தலையிடிதான் எனக்கு அதிகம். சனங்களோடு மாரடிக்கிற வேலை பார்க்கும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் கந்தோருக்கும் இப்படி நாலு பேர் வந்துபோவார்கள்.

நான் வனவிலங்கு உத்தியோகத்தர். வன்னியில் புளியங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிற காடு என் பொறுப்பு. அங்கே மானும் மரையும் உண்டு. அவற்றைச் சுற்றி, இறைச்சியில் ஆசையுள்ள ஊர்களும் உண்டு. மான் வேட்டை குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டுக் குசினியில் மான் இறைச்சி கொதிக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர.

இந்த நிலையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் அகப்பட்ட சிறுத்தையைச் சுகப்படுத்தி எங்கள் காட்டில் விடுவதென்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். மான் பிடிக்கிறவர்கள் கட்டுகிற கம்பி எங்கள் காட்டிலும் தாராளம். ஒரு சுருக்கில் தப்பியதை இன்னொரு சுருக்கில் சாகவிடாமல் பார்ப்பது இனி என் வேலை. முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். அப்படிச் சொல்லிப் பழகிவிட்டேன்.

கூண்டு வந்த நாள்

கூண்டை ஏற்றிய லொறி காட்டோரக் குடியிருப்பில் சற்று நின்றது. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒருவரான லெட்சுமி அக்கா கச்சான் தோட்டத்தில் நிலக்கடலைச் செடிகளுக்கிடையே களை பிடுங்கிக்கொண்டிருந்தவா, மண்வெட்டியோடு ஓடிவந்தா. பயந்து சத்தம் போடப்போகிறா என்று நினைத்து, சிறுத்தை மனிதரைத் தேடி வராது, காட்டுப்பன்றியும் மானும்தான் அதன் சாப்பாடு என்று விளக்கத் தொடங்கினேன்.

அவா அதைக் காதிலேயே வாங்கவில்லை. எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்று மட்டும் கேட்டா. சொன்னேன். தார்ப்பாயின் இடுக்கால் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டா.

"தோட்டத்துல பொழைக்க முடியாம வன்னிக்கு வந்திருக்கு. அப்ப இது நம்ம ஆளுதான் மிஸ்."

கம்பி பொறுக்கும் வேலை

சிறுத்தையை விட்ட பிறகு எங்கள் முக்கிய வேலை கம்பி பொறுக்குவது. சைக்கிள் பிறேக் கம்பி, வேலிக் கம்பி என்று மான் போகும் ஒற்றையடிப் பாதையெல்லாம் சுருக்குத்தான். ஜீப்பை ஓட்டுகிற நந்தன் அண்ணைக்குச் சுருக்கைக் கண்டுபிடிப்பதில் கழுகுக் கண். ஜீப் நிற்க முதலே குதித்து ஓடுகிற மனிதர் அவர். சிறுத்தை வந்த பிறகு ஸ்ரியரிங்கை விட்டு அசையவில்லை. ஏன் அண்ணை, இறங்கவில்லையா என்று கேட்டேன்.

"நீங்கள் முதல் இறங்குங்கோ மிஸ். உங்களைத்தான் அதுக்கு அறிமுகம்."

ஐயனாருக்கு ஒரு குழை

மயில்வாகனம் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பயிர்க் காவலுக்குப் பன்றி சுடவென்று அனுமதி பெற்ற துவக்கு வைத்திருக்கிறார். அந்தத் துவக்கு வயலில் நின்றதைவிடக் காட்டில் நின்றதே அதிகம். அவர் காட்டுக்குள் போனால் மோட்டார் சைக்கிளைப் பற்றைக்குள் மறைப்பார், சருகில் கால் வைத்த தடமும் இருக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர் வாசலில் நிற்கிற மரத்தில் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துத் தொங்கவிட்டுத்தான் போகவேண்டும். எவ்வளவு கள்ளமாகப் போனாலும் இந்த இலைக்கொத்தைத் தொங்கவிடாமல் போக எந்த வேட்டைக்காரருக்கும் துணிவு வராது. குழை வாடாமல் இருந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம். நான் மரத்தடியில் கதிரை போட்டுக் காத்திருந்தால் போதும்.

சிறுத்தை வந்து கொஞ்ச நாளில் பார்த்தேன், மரத்தில் பச்சையாக இரண்டு குழை. இரண்டு பேர் உள்ளே என்று காத்திருந்தேன். மயில்வாகனம் ஐயா மட்டும் வெறுங்கையோடு வெளியே வந்தார். மற்ற ஆள் எங்கே என்று அதட்டினேன்.

"மற்ற ஆள் ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. ஒண்டு ஐயனாருக்கு, மற்றது உங்கட சிறுத்தைக்கு."

பங்கு இறைச்சி

வன்னியில் வேட்டை இறைச்சி ஒருவருக்குச் சொந்தமில்லை. சுட்டவர், கூடப்போனவர், தூக்கியவர், சும்மா பார்க்க வந்தவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. சிறுத்தை வந்த பிறகு நம் ஆட்கள் ஒரு சுகமான வழி கண்டார்கள். காகம் வட்டமிடுகிற திசையில் நடந்தால் சிறுத்தை அடித்துப் பாதி தின்ற மான் கிடக்கும். வெடிச் சத்தமில்லை, தோட்டாச் செலவில்லை, மிஸ்ஸுக்குப் பயமில்லை. ஊரே சிறுத்தையின் மானைப் பங்குபோட்டுச் சாப்பிட்டது!

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே மயில்வாகனம் ஐயா வீட்டுக்குப் போனேன். முதலில் இது திருட்டு என்றேன். பிறகு கணக்குச் சொன்னேன்: ஒரு மானை அது ஆறுதலாக வைத்துத் தின்னும். நீங்கள் அதைத் தூக்கினால் பசிக்கு இன்னொன்றை அடிக்கும், அதையும் தூக்கினால் இன்னொன்று. மான் குறைவதற்குக் காரணம் அதுவல்ல, நீங்கள்தான். அவர் தாடியைத் தடவியபடி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேச்சு உறைத்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

"அப்ப அதுக்கும் ஒரு பங்கை வைச்சிட்டு வந்தால் பிழையில்லைத்தானே பிள்ளை?"

மானுக்காக அழுதவர்

சிறுத்தையைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் கதை எழுந்தது. சங்கம் கேட்டால் மேலிடம் கூண்டை அனுப்பிவிடும். நான் உள்ளுக்குள் பதறினாலும் வெளியில் காட்டவில்லை. எழுந்து நின்றவர் மயில்வாகனம் ஐயா. அவருடைய சங்கடம் எனக்கு விளங்கியது. வேட்டை போய்விட்டது என்று சொன்னால் வேட்டைக்குப் போனதாக ஆகிவிடும். அதனால் மனிதர் மானுக்காக அழத் தொடங்கினார். பாவம் அந்த வாயில்லாச் சீவன்கள், முந்திக் குளிர்ச்சியாக மோட்டையில் தண்ணீர் குடிக்கக் கூட்டமாக நின்றவை இப்போது ஓரிடத்தில் நில்லாமல் கலைந்து திரிகின்றன என்றார். நடுக்காட்டு மோட்டையில் அவை கூட்டமாக நின்றதை எப்போது கண்டீர்கள் ஐயா என்று கேட்டேன். விறகு பொறுக்கப் போன நேரம் என்றார். மண்டபம் சிரித்து ஓயச் சிறிது நேரம் எடுத்தது.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து லெட்சுமி அக்கா எழுந்தா. வருசா வருசம் பன்றி கிளறிப் பாழாக்கிய கச்சான் இந்தப் போகம் முழுசாக வீட்டுக்கு வந்திருக்கிறது என்றா. பக்கத்துத் தோட்டக்காரர்களும் ஓம் ஓம் என்றார்கள். அவா நேரே மயில்வாகனம் ஐயாவைப் பார்த்தா.

"அதப் புடிச்சிட்டுப் போகட்டும் ஐயா, ஆனா அதுக்குப் பதிலா நீங்க வந்து எங்க கச்சானுக்குக் காவல் இருக்கணும்."

கம்பியில் நின்றது

சிறுத்தை தங்கிவிட்டது. ஆனால் நான் பயந்ததும் நடந்தது. ஒரு காலை மயில்வாகனம் ஐயா கந்தோர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே கத்தினார், அது கம்பியில் நிற்கிறது, கெதியா வாங்கோ என்று. வைத்தியருக்குத் தகவல் கொடுத்துவிட்டு ஓடினோம். இடுப்பில் கம்பி இறுகி, நிலத்தைப் பிறாண்டி உறுமிக்கொண்டிருந்தது. திமிறத் திமிறக் கம்பி இன்னும் இறுகும், ஆகவே ஆள் நடமாட்டமே கூடாது. வைத்தியர் வந்துசேரும்வரை வேடிக்கை பார்க்க வந்த ஊரை ஏசி ஏசித் திருப்பி அனுப்பியவர் மயில்வாகனம் ஐயாதான். என் சொல்லுக்கு அந்தக் கூட்டம் திரும்பியிருக்காது.

வைத்தியர் மயக்க ஊசி ஏற்றிக் கம்பியை வெட்டினார். கழுத்தில் தேயிலைத் தோட்டத்துப் பழைய தழும்பு, இடுப்பில் புதுக் காயம். காயம் ஆழமில்லை, பிழைக்கும் என்றார். நான் எல்லாருக்கும் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை. மயக்கம் தெளிந்து அது தள்ளாடி எழுந்து காட்டுக்குள் மறையும்வரை நின்றோம்.

திரும்பும்போது, இது உங்கள் கம்பியா என்று அவரைக் கேட்டேன். துவக்கு இருக்கிற நான் ஏன் கம்பி கட்டுகிறேன் என்று சீறினார். சரி, பேசாமல் விட்டிருந்தால் மான் முழுக்க உங்களுக்குத்தானே, ஏன் வந்து சொன்னீர்கள் என்றேன்.

"அதுக்கும் எனக்கும் ஒரே தொழில் பிள்ளை. காத்திருந்து பிடிக்கிறவன் கம்பி கட்டிறவன்ர கையால சாகக் கூடாது."

ஆக, எங்கள் காட்டில் மான் பிடிக்கிற இருவரில் ஒருவரைப் பிடிக்கவும் மற்றவரைக் காப்பாற்றவும் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. முதலாமவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டால் இரண்டாமவரைக் காப்பாற்ற எனக்கு ஆளில்லை.