வேற்றுக்கிரகத்துப் பாட்டுப்பெட்டி

கண்டி மஹய்யாவ வீதியோரம் பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தார் அவர். ஒவ்வோர் எழுத்து முடிந்ததும் பிரஷ்ஷை இடது கையிலேயே துடைப்பார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை பல வர்ணம்.

குண்டசாலையில் எடுத்த விண்வெளிப் படத்தில் நான் உதவியாள்; அவரை அங்கே அழைத்துப் போனது நான்தான். வேற்றுக்கிரக மதுக்கடைக் காட்சியில் ஒரு ஜூக்பாக்ஸ், பொத்தானை அழுத்தினால் பாடும் பெட்டி. அதன் பொத்தான்களில் பாட்டுப் பெயர்கள் எழுத வேண்டும்.

இயக்குநர் என்னிடம் சிங்களத்தில், "தமிழில் எழுதச் சொல். யாருக்கும் விளங்காது, வேறு கிரகம் மாதிரியே இருக்கும்" என்றார்.

நான் பெயர்ப்பலகைக்காரரிடம், "தமிழ் எழுத்து அழகா இருக்குமாம், அண்ணே" என்றேன்.

அவர் பிரஷ்ஷைத் துடைத்தார். "அழகுன்னு அவரு சொல்லலியே தம்பி. எனக்குச் சிங்களம் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான் கண்டியிலயே பொறந்தவன்."

பிறகு எல்லாப் பொத்தான்களிலும் ஒன்றையே எழுதினார்: 'கண்டியில் பிறந்தவன்.'

படம் வந்தது. விண்வெளி வீரன் பொத்தானை அழுத்தியபோது திரை நிறைய அந்த எழுத்துகள். வேற்றுக்கிரகத்தில் தமிழைக் கண்டு அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மஹய்யாவ வழியாகப் போகும் பஸ்ஸில், அவர் கடை தெரியாத பக்கமாகத்தான் இப்போதும் உட்காருகிறேன்.