கொழுந்தைப் பறித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர்கள்

நமுனுகுல மலைச்சரிவில் அக்கா குடியிருக்கும் லயத்தின், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின், பின்சுவர் போன வருட மழையில் வெடித்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, அங்கே இருப்பது ஆபத்து என்று எழுதிக்கொடுத்தார்கள். மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்கள் புதைந்த பிறகு எழுதிக்கொடுக்க மட்டும் தவறுவதில்லை. வீடு கட்டப் பாதையோரச் சமதரையைத் தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொன்னார். பிறகு அங்கே சுற்றுலா விடுதி வருகிறது என்று தெரிந்தது.

நான் பதுளையில் வரலாறு கற்பிக்கிறேன். அப்போது வகுப்பில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான அறப்போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அதைப் பற்றி அக்கா விசாரித்தாள்.

"திருப்பி அடிக்காமலா வெள்ளைக்காரன் எறங்கி வந்தான்?"

"சனங்க வேலை செய்யாட்டி அவனுக்கு ஒண்ணும் ஓடாதுக்கா. அதான்."

அந்தச் சமதரையைக் கேட்டு லயத்துப் பெண்கள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, கல் இல்லை. சனிக்கிழமை நான் போனபோது பாதிப் பேரைக் காணோம்.

"மத்தவங்க எங்கக்கா?"

"மலையில. முறை போட்டுக்கிட்டோம். நாங்க உக்காந்தா அவங்க எடுப்பாங்க."

"கொழுந்தப் பறிச்சுக் குடுத்துட்டு உக்காந்தா தொரைக்கு என்ன நட்டம்?"

"விட்டா முத்திப்போயிரும்டா வாத்தியாரே. அப்புறம் அத ஒடிக்க நீயா வருவ? வெரலு கிழிஞ்சிரும்."

"அவருக்கு ஒரு கூடை குடுங்கடி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கவில்லை. துரை வந்து கும்பிட்டார். வெயிலுக்குக் கூடாரம் போட்டுக்கொடுத்தார்; தேத்தண்ணீர் அனுப்பினார். வெள்ளைக்காரத் துரையாக இருந்தால் அடித்து ஊரைக் கூட்டியிருப்பார். இவர் என் மாணவர்களைவிட நன்றாகப் பாடத்தைப் படித்திருந்தார். அடுத்த வாரம் பெண்கள் எழுந்துவிட, துரையின் ஆட்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சமதரையைச் சுற்றி வேலி வந்தது.

சுதந்திர தினத்தன்று தோட்டப் பாடசாலையில் துரைதான் பேசினார். நம் முன்னோர் கை ஓங்காமல் விடுதலை பெற்றார்கள், இந்தத் தோட்டத்துப் பெண்களுக்கும் அதே பொறுமை என்றார். கைதட்டல் எழுந்தது.

"நம்மளத்தான் சொல்றாரு. எந்திரிச்சு நிக்கட்டாடா?" என்றாள் அக்கா.

இப்போது மறுபடி மழை. இருட்டியதும் லயத்தார் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள், விடிந்ததும் மலைக்கு. விடுதிக்குக் கூரை போட்டாயிற்று.

நேற்று போனில், இன்னொரு தடவை உட்கார்ந்தால் என்ன என்று கேட்டேன்.

"கொழுந்து எடுக்காம உக்காரணும்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். மழைக்கு நல்லா வந்திருக்கு, விட மனசில்லங்குறாளுக" என்றாள். "சொவத்து வெடிப்புல இப்ப என் கை முழுசாப் போகுதுடா."