நாலாவது இன்ஜெக்டர்

எங்கள் மாமாவுக்குத் தெரியாத வண்டி விருத்தாசலத்தில் கிடையாது. இதை அவரே சொல்வார். அம்மாவின் தம்பி, பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அதனால் அப்பாவின் மினி லாரிக்கு இன்ஜின் போய், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டிலிருந்து வேறொன்று வாங்கி வந்தபோது, அதை மாட்டும் வேலை மாமாவிடம்தான் போனது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

மாட்டி ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடியது, ஆனால் டொக் டொக்கென்று தட்டியது. புகையில் எதிர்வீடு தெரியவில்லை. மூன்று நாள் எதையெதையோ கழற்றி மாட்டியும் அப்படியேதான் இருந்தது.

"இன்ஜினே சரியில்ல மச்சான். ஏமாத்திட்டான்" என்றார் அப்பாவிடம்.

மறுநாள் காலை செராமிக் கம்பெனியில் கப் லோடு ஏற்றியாக வேண்டும். வண்டி வராவிட்டால் லோடு வேறு ஆளுக்குப் போய்விடும். அப்புறம் அப்பா லாரியை விற்றுவிட்டு யார் வண்டிக்காவது டிரைவராகப் போக வேண்டியதுதான். மதியச் சோற்றைக்கூட அவர் தொடவில்லை.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் ஒரு கோணியின் மேல் கிடந்தன. பார்வைக்கு அச்சு அசல் ஒரே மாதிரி. எல்லாம் ஒன்றுதான், பார்த்தாலே தெரியவில்லையா என்றார் மாமா. ஒவ்வொன்றின் உடம்பிலும் நம்பர் வெட்டியிருந்தது, ஆனால் கழுவியும் போகாத கரியில் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை.

அம்மா பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். தள்ளுவண்டிகளின் இரும்புத் தகட்டில் நம்பர் மங்கிவிட்டால், அம்மா வெள்ளைக் களிமண்ணைத் தடவி மேலாகத் துடைப்பார். பள்ளத்தில் தங்கிய மண் நம்பரைக் காட்டிவிடும். அந்த ஞாபகம் வந்ததும் உள்ளே ஓடி, அம்மா புடவைக்கு மேல் போடும் வேலைச் சட்டையிலிருந்து காய்ந்த மண்ணைச் சுரண்டினேன்.

"சட்டைய என்னாடி பண்ற?" என்று அம்மா பின்னாலேயே வந்தார்.

எச்சில் தொட்டுக் குழைத்துத் தடவினேன், பாவாடையால் துடைத்தேன். மூன்றில் ஒரே நம்பர். நாலாவதில் கடைசி எழுத்துகள் வேறு.

"மாமா, இது நம்ம ஆளு இல்ல."

மாமாவின் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போலானது. பிறகு என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டார். "பாத்தீங்களா மச்சான், எங்க அக்கா பொண்ண! யார்டுக்காரன் ஒண்ண மாத்திக் குடுத்திருக்கான்."

பட்டறைக்குப் பறந்தவர் பத்தே நிமிஷத்தில் சரியான நம்பர் இன்ஜெக்டரோடு வந்தார். மாட்டியதும் தட்டல் நின்றது, புகை அடங்கியது. அப்பா ஹாரனை அழுத்திய அழுத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. என்னைத் தோளில் வைத்து மாமா இரண்டு சுற்று வந்தார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அன்று எல்லோருக்கும் பரோட்டா. "அந்த நம்பரு எங்க கெடச்சுது மாப்ள?" என்று அப்பா கேட்டார். நம் பட்டறையில் இல்லாததா என்றார் மாமா, இலையை விட்டுத் தலையைத் தூக்காமல். உலகத்து இன்ஜெக்டரெல்லாம் வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை.

பழைய இன்ஜினின் நான்கையும் யார்டிலிருந்து வந்த இன்ஜினின் நான்கையும் அவர் பட்டறையில் ஒரே டின்னில் போட்டுக் கழுவியிருந்தார்; எடுத்து மாட்டும்போது ஒன்று மாறிவிட்டது. நான் ஊரெல்லாம் கொண்டாடித் திரிந்தது மாமாவின் தப்பை என்பதும், அது தெரிந்துதான் அப்பா மேற்கொண்டு கேட்காமல் இன்னொரு பரோட்டாவை அவர் இலையில் வைத்தார் என்பதும் எனக்குப் புரிய வெகுநாளானது.